நூற்றில் மூன்று பங்கு விநாடி: தகுதிச் சோதனைகளின் வரலாறும் சாந்தியின் பதக்கமும்

ஆரணியின் பட்டுத் தொழிலில் நேர்மை என்பது தராசிலிருந்து தொடங்குகிறது. பாவும் ஊடையும் சரிகையும் எடைபோட்டு நெசவாளரிடம் கொடுக்கப்படுகின்றன; நெய்து முடித்த புடவை மீண்டும் எடைபோட்டு வாங்கப்படுகிறது. இழை பட்டுதானா என்ற ஐயம் எழுமானால் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். மயிர் கருகும் வாடையும் விரலிடையே பொடிந்து உதிரும் சாம்பலும் உண்மையைச் சொல்லிவிடும். கொடுப்பவர், வாங்குபவர் இருவர் கண்ணெதிரிலும் நடக்கும் சோதனை அது. எது சோதிக்கப்படுகிறது, ஏன் சோதிக்கப்படுகிறது என்பதில் எவருக்கும் குழப்பமில்லை.

இன்னொன்றும் உண்டு. விசைத்தறியோடு கைத்தறி நேருக்கு நேர் நின்று போட்டியிட முடியாது என்பதால், சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி 1985-இல் நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஒதுக்கீடு என்று வந்துவிட்டால் எல்லை வேண்டும். எல்லை என்று வந்துவிட்டால் காவலும் சோதனையும் வேண்டும். விசைத்தறியில் ஓட்டிய புடவையைக் கைத்தறி என்று விற்பதால் வயிற்றிலடிபடும் நெசவாளியிடம் போய், எல்லைகளே கூடாது என்று நாம் தத்துவம் பேச இயலாது. எனினும் அந்தச் சட்டத்தில் எந்தத் துணி, எந்த அமைப்பு, மீறினால் என்ன தண்டனை, யாரிடம் முறையிடலாம் என்பவை எழுத்தில் இருக்கின்றன.

இலக்கியம் பேசுவதற்கென்று கூடிய நாம் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தது சில நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம். ஓட்டப்பந்தயத்தில் பெண்கள் பிரிவு என்பதும் ஓர் ஒதுக்கீடுதான். அதன் எல்லையை யார், எப்படிக் காப்பது என்பதில் கடந்த எண்பது தொண்ணூறு ஆண்டுகளாக உலகம் தடுமாறி வந்திருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தின் மிகக் கொடிய அத்தியாயங்களுள் ஒன்று தமிழ்நாட்டுக்கு உரியது என்பதும், அதை நாம் செய்தித்தாளின் பரபரப்பாக வாசித்து மறந்துவிட்டோம் என்பதுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

2006 டிசம்பர் 9. கத்தார் நாட்டின் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன் 2 நிமிடம் 3.16 விநாடியில் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவுக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.03 விநாடி. நூற்றில் மூன்று பங்கு. கண்ணிமைப்பதற்கு ஆகும் நேரத்தில் அது ஒரு சிறு துண்டு. செங்கல் சூளையில் கூலி வேலை செய்த தலித் பெற்றோரின் மகள், முந்தைய ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியிலும் இதே தூரத்தில் வெள்ளி வென்றவர்.

முதலாவதாக வந்தவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பஹ்ரைன் நாட்டுக்காகத் தங்கம் வென்ற மரியம் யூசுஃப் ஜமால் எத்தியோப்பியாவில் ஸெனெபெச் டோலா என்ற பெயரோடு பிறந்தவர். சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் கேட்டுக் கிடைக்காமல், பஹ்ரைனின் குடியுரிமை பெற்று, பெயரையும் மாற்றிக்கொண்டு ஓடியவர். ஒருவர் எந்த நாட்டுக்காக ஓடத் தகுதியுள்ளவர் என்பதும் நெடுநாளையச் சர்ச்சைதான். ஆயினும் அதற்கு எழுதப்பட்ட விதி இருந்தது. கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். ஜமாலை நாம் குறைசொல்லவில்லை. நாடும் பெயரும் மாறிய ஒருவரின் தகுதியை ஒரு தாளால் தீர்த்துக்கொண்ட அதே ஓட்டத்தில், பிறந்த ஊரையும் பெயரையும் விட்டு அகலாத ஒருவரின் தகுதி உடலைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது என்பதையே சுட்டுகிறோம்.

ஓட்டத்திற்குப் பின் சாந்தி மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். எதற்கான சோதனை என்பதைத் தமக்கு எவரும் விளக்கவில்லை என்று அவர் பின்னாளில் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பிய சில நாட்களில் அவர் ‘பாலினச் சோதனையில் தோற்றார்’ என்ற செய்தி நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. வெள்ளி பறிக்கப்பட்டது, மூன்றாமவர் வெள்ளிக்கும் நான்காமவர் வெண்கலத்திற்கும் உயர்த்தப்பட்டனர். அவருடைய மருத்துவ அறிக்கையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அந்நாட்களில் நாளேடுகள் விரிவாக ஊகித்தன. அதை நாம் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. அது அவருக்கும் மருத்துவருக்கும் இடைப்பட்டது.

தமிழில் எழுதுவோருக்கு ‘அவர்’ என்றொரு சொல் வாய்த்திருக்கிறது. மதிப்பைக் காட்டும், ஆணா பெண்ணா என்று காட்டாது. ஆங்கில ஏடுகள் எந்தச் சுட்டுப்பெயரை இடுவது என்று தயங்கிய இடத்தில் தமிழ் ஏடுகளுக்கு அந்த இடர்ப்பாடே இல்லை. ஆனால் அந்த ‘அவரை’க் கையில் வைத்துக்கொண்டே தலைப்புகளில் நம் ஏடுகள் காட்டிய ஆர்வம் மதிப்பின்பாற்பட்டதாக இருக்கவில்லை. இக்கட்டுரையில் சாந்தியை அவர் என்கிறோம். எதையும் மறைப்பதற்காக அன்று. அவர் பெண்ணாக வளர்ந்தவர், பெண்ணென்றே தம்மைச் சொல்லிவருபவர், பெண்களுக்கான ஓட்டத்தில் ஓடியவர்.

தோஹாவில் நடந்ததை விளங்கிக்கொள்ள எழுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸ் 100 மீட்டரில் போலந்தின் ஸ்டெல்லா வால்ஷைத் தோற்கடித்தார். ஸ்டீபன்ஸ் ஆண் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சோதித்துப் பெண்ணென்று அறிவித்தார்கள். 1980-இல் வால்ஷ் கிளீவ்லேண்ட் நகரில் கொள்ளையர் கையால் சுடப்பட்டு இறந்தபோது நடந்த பிணக்கூறாய்வு, அவருடைய உடலே இரு பாலுக்கும் இடைப்பட்ட கூறுகள் கொண்டது என்று காட்டியது. அதாவது, சந்தேகப் பார்வை தவறான பெண்ணின்மேல் விழுந்திருந்தது. அவ்வாறு விழுவதே அதன் இயல்பு. எவள் தோற்றத்தில் ஊரார் எதிர்பார்க்கும் மென்மை இல்லையோ அவளை நாடிச் செல்லும் பார்வை அது.

அதே பெர்லினில் உயரம் தாண்டுதலில் நான்காம் இடம் பெற்றவர் ஜெர்மனியின் டோரா ராட்யென். 1938-இல் அவர் ஆண் என்று காவல்துறை கண்டறிந்தது. நாஜிகள் திட்டமிட்டு ஓர் ஆணுக்குப் பெண்வேடமிட்டு அனுப்பினார்கள் என்ற கதை அரை நூற்றாண்டு உலவியது. 2009-இல் வெளிவந்த பழைய ஆவணங்கள் வேறொன்றைச் சொல்லின: பிறந்தபோது மருத்துவச்சி குழம்பிப் பெண்ணென்று சொல்ல, பெண்ணாகவே வளர்க்கப்பட்ட ஒருவர், வேடமுமில்லை, சதியுமில்லை. பெண்வேடமிட்டுப் பதக்கம் கவர்ந்த ஆண் என்ற அந்தப் பூதத்தைத் தேடித்தான் பின்னர் ஆயிரக்கணக்கான பெண்கள் சோதிக்கப்பட்டார்கள்.

1966-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ஐரோப்பியப் போட்டிக்கு வந்த வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன்னால் ஆடையின்றி நடக்கவைக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் சோதனை இன்னும் நெருக்கமாயிற்று. எதிர்ப்புக் கிளம்பவே, அறிவியலின் துணையை நாடினார்கள். கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்லில் குரோமோசோம் தடயத்தைப் பார்க்கும் முறை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே போலந்தின் ஈவா குவோபுகோவ்ஸ்கா இவ்வகைச் சோதனையில் ‘தோற்றார்’. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் தங்கம் பெற்றவர். புடாபெஸ்ட்டில் மருத்துவர்களின் நேரடிப் பார்வையில் ‘தேறியவர்’. ஒரே பெண், ஓராண்டு இடைவெளி, இரு சோதனைகள், இரு தீர்ப்புகள். அவருடைய உலகச் சாதனைகள் ஏடுகளிலிருந்து அழிக்கப்பட்டன.

இந்த வரலாற்றில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டியவர் ஸ்பெயின் நாட்டின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பாத்தினியோ. 1983-இல் ஹெல்சிங்கி உலகப் போட்டியில் சோதனையில் தேறிச் சான்றிதழ் பெற்றிருந்தார். 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டிக்குச் சென்றபோது அந்தச் சான்றிதழை எடுத்துச்செல்ல மறந்துவிட்டார். மறுசோதனை. முடிவு எதிராக வந்தது. காயமுற்றதாக நடித்து ஒதுங்கிக்கொள்ளுமாறு சொன்னார்கள்; அன்று அவ்வாறே செய்தார். அடுத்த சில மாதங்களில் தேசியப் போட்டியிலிருந்தும் சத்தமின்றி விலகும்படி சொன்னபோது மறுத்து ஓடினார், வென்றார். உடனே செய்தி கசிந்தது. உதவித்தொகை போயிற்று, தங்குமிடம் போயிற்று, மணம் பேசியிருந்தவர் விலகினார், பதிவேடுகளிலிருந்து சாதனைகள் நீங்கின.

ஆனால் அவர் விடவில்லை. தம் உடலில் ஆண்தன்மைக்குரிய இயக்குநீர் சுரந்தாலும் அதை ஏற்கும் திறன் செல்களுக்கு இல்லை, எனவே அதனால் தமக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பதை மருத்துவர்களின் துணையோடு வாதிட்டார். ஃபின்லாந்தின் மரபியலாளர் ஆல்பெர்ட் த லா ஷாப்பெல் போன்றோர் இந்தச் சோதனையே அறிவியலுக்கு ஒவ்வாதது என்று எழுதிவந்தது அவருக்குத் துணையாயிற்று. 1988-இல் அவருக்குத் தகுதி மீண்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிற்கான தகுதிநேரத்தைப் பத்தில் ஒரு பங்கு விநாடியில் தவறவிட்டார். ஓட வேண்டிய ஆண்டுகள் வழக்காடுவதில் கழிந்திருந்தன. 2005-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தம் கதையைத் தாமே எழுதினார்.

அவருடைய போராட்டத்தின் பயனாகச் சில நன்மைகள் விளைந்தன. சர்வதேசத் தடகளச் சம்மேளனம் அனைவருக்குமான கட்டாயச் சோதனையை 1990-களின் தொடக்கத்தில் கைவிட்டது. ஒலிம்பிக் குழு மட்டும் விடவில்லை. 1990-இல் கண்டறியப்பட்டிருந்த எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுவைத் தேடும் புதிய முறைக்கு மாறியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்கள் சோதிக்கப்பட்டனர். எட்டுப் பேருக்கு முடிவு எதிராக வந்தது. மேலாய்வுக்குப் பின் எட்டுப் பேருமே போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் பெயர் இன்றுவரை பொதுவெளியில் இல்லை. 1999-இல் ஒலிம்பிக் குழுவும் இச்சோதனையைக் கைவிட்டது. சந்தேகம் எழுந்தால் மட்டும் தனி ஒருவரைச் சோதிக்கலாம் என்ற சிறு கதவு திறந்தே விடப்பட்டது. அந்தக் கதவின் வழியாகத்தான் தோஹாவில் சாந்தி உள்ளே அழைக்கப்பட்டார்.

எனவே, 2006 டிசம்பரில் உலகம் இவ்விஷயத்தில் அறியாமையில் இருந்தது என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. பாத்தினியோவின் முன்னுதாரணம் பதினெட்டு ஆண்டுப் பழையது. அட்லாண்டாவின் எட்டுப் பெண்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதிவிட்டன. இவை எல்லாவற்றினும் முக்கியமாக, 2006-ஆம் ஆண்டிலேயே தடகளச் சம்மேளனம் பாலினச் சோதனை குறித்துத் தன் கொள்கையை எழுதி வெளியிட்டிருந்தது. சோதனையை நடத்தும் குழுவில் மகப்பேற்று மருத்துவர், இயக்குநீர் மருத்துவர், உளவியலாளர் உள்ளிட்டோர் இருக்க வேண்டும் என்றது அது. எந்தெந்த உடற்கூற்று வேறுபாடுகள் உள்ளவர்கள் பெண்கள் பிரிவில் போட்டியிட அனுமதிக்கப்பட வேண்டும் என்று ஒரு பட்டியலும் அதில் இருந்தது. ஆக, சோதனையில் ‘தோற்பது’ என்பது முடிவல்ல, ஒரு விசாரணையின் தொடக்கம். சாந்தியின் நிலை அந்தப் பட்டியலில் அடங்குமா, அடங்காதா என்பதை வாதிட்டுத் தெளிய இடமிருந்தது. அதை அவர் சார்பில் வாதிட்டிருக்க வேண்டியவர்கள் இந்திய விளையாட்டு நிர்வாகிகள். அவர்கள் வாய் திறக்கவில்லை. பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி ஓட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

இங்கே நியாயத்தின் பொருட்டு யலோவ்ட்சேவாவின் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். 0.03 விநாடியில் வெள்ளியை இழந்த ஒருத்திக்கு, தனக்கு முன்னே ஓடியவருக்குத் தன்னிடம் இல்லாத ஆதாயம் ஏதும் இருந்ததா என்று கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்வி இழிவானதல்ல. பெண்கள் பிரிவு என்ற ஒன்று இல்லாவிட்டால் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் எந்தப் பெண்ணின் பெயரும் இராது. பிரிவைக் காக்க வேண்டும் என்பவர்கள் அனைவரையும் கொடியவர்கள் என்று தள்ளிவிடும் எழுத்துகளோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அக்கேள்விக்கு விடை தேடும் முறை ஒன்று உண்டல்லவா? என்ன சோதனை என்று சொல்வது, இசைவு கேட்பது, முடிவை உரியவரிடம் முதலில் தெரிவிப்பது, மறுமொழிக்கு அவகாசம் தருவது, அதுவரை வாயைக் காப்பது. ஊக்கமருந்து உட்கொண்டவருக்குக்கூட இரண்டாம் மாதிரியைச் சோதிக்கக் கோரும் உரிமையும் விசாரணையில் பேசும் உரிமையும் உண்டு. எந்தக் குற்றமும் செய்யாத சாந்திக்குக் கிடைத்தது தொலைக்காட்சிச் செய்தி.

தமிழக அரசு ஒன்றை நற்பண்போடு செய்தது. அன்றைய முதல்வர் மு. கருணாநிதி, செய்தி வெளியானதைப் பொருட்படுத்தாமல், 15 இலட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் பரிசளித்தார். ஆறுதல்தான், ஆனால் பரிசு வேறு, பதக்கம் வேறு. 2007 செப்டம்பரில் சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். பின் புதுக்கோட்டையில் சிறுவர் சிறுமியருக்கு ஓட்டம் பயிற்றுவித்தார். ஒப்பந்தப் பணியின் சொற்ப ஊதியம் போதாமல் 2012-இல் அவர் மீண்டும் செங்கல் சூளையில் கூலிக்கு நின்றது செய்தியாயிற்று. அச்செய்திக்குப் பின்னரே பெங்களூரில் பயிற்றுநர் பட்டயப் படிப்புக்கு வழி பிறந்தது. அதன் பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநர் பணி கிடைத்தது.

இடையில் 2009-இல் பெர்லின் உலகப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா 800 மீட்டர் தங்கம் வென்றார். அவர்மீதும் இதே சந்தேகம். அதுவும் இறுதி ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே கசிந்தது. ஆனால் ஊர் திரும்பிய அவரை விமான நிலையத்தில் பெருங்கூட்டம் வரவேற்றது. அவருடைய அரசாங்கம் எதிர்த்துக் குரல் கொடுத்தது, வழக்கறிஞர்கள் வந்தார்கள், அவர் பதக்கத்தை இழக்கவில்லை, 2010-இல் மீண்டும் ஓடத் தொடங்கினார். இரு பெண்களின் உடல்களுக்கிடையே என்ன வேறுபாடு இருந்தது என்பது நமக்குத் தேவையில்லாதது. அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்கிடையே இருந்த வேறுபாடு ஊரறிந்தது.

செமென்யா விவகாரத்தின் விளைவாக 2011-இல் புதிய விதி வந்தது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு லிட்டருக்கு 10 நானோமோலைத் தாண்டினால் பெண்கள் பிரிவில் ஓட முடியாது. மருந்தாலோ அறுவையாலோ குறைத்துக்கொண்டு வரலாம். அவ்விதி முதலில் வெளிப்படையாகச் சென்று முட்டியது மீண்டும் ஓர் இந்தியப் பெண்ணின்மேல். அவரை ஆரணிக்காரர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள், ஏனெனில் தூத்தி சந்த் நெசவாளர் வீட்டுப் பெண். ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சகா கோபால்பூரில், தறியில் அமர்ந்து பிள்ளைகளை வளர்த்த தாய் தந்தையரின் மகள். கோபால்பூர் டசர் பட்டு அம்மாவட்டத்தின் பெருமை. பல பிள்ளைகள் உள்ள ஒரு நெசவாளர் குடும்பத்தின் வருமானம் எவ்வளவு இருக்கும் என்பதை இவ்வூரில் எவருக்கும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

2014 ஜூலையில், கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, பதினெட்டு வயதுத் தூத்தி அணியிலிருந்து நீக்கப்பட்டார். செய்தி கசிந்தது, எல்லாம் 2006-ஐப் போலவே தொடங்கிற்று. ஆனால் இம்முறை ஆய்வாளர் பயோஷ்ணி மித்ரா அவருக்கு விவரம் விளக்க அருகில் இருந்தார். கனடா நாட்டு வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வாதிட முன்வந்தார்கள். சாந்தியின் பெயர் சொல்லப்பட்டு, அதைப்போல் இன்னொன்று நடக்கக்கூடாது என்ற குரல் எழுந்தது. மருந்துண்டு தம் உடலை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று மறுத்த தூத்தி, லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தை நாடினார்.

2015 ஜூலை 27-இல் தீர்ப்பு வந்தது. விதி பாகுபாடானது என்பதால், அது தேவையானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு சம்மேளனத்தையே சாரும் என்றது மன்றம். இயற்கையாக மிகுதியாய்ச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் எந்த அளவுக்கு ஆதாயம் தருகிறது என்பதற்குப் போதிய சான்று தரப்படவில்லை என்று கூறி, விதியை இரண்டாண்டுக்கு நிறுத்திவைத்தது. 2016-இல் தூத்தி ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி பெற்றார். 2023-இல் தடைசெய்யப்பட்ட மருந்து தொடர்பாக அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். அது வேறு வழக்கு. 2015 தீர்ப்பின் நியாயத்தை அது தொடாது.

அதற்குப் பின் விதிகள் மாறியபடியே இருந்தன. 2018-இல் எல்லை 5 நானோமோலாகக் குறைந்தது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும். தூத்தியின் தூரங்கள் தப்பின, செமென்யாவின் தூரமும் சாந்தியின் தூரமும் அகப்பட்டன. செமென்யா வழக்காடினார். 2019 மே 1-இல் மூவர் கொண்ட நடுவர் குழு, விதி பாகுபாடானதே, ஆயினும் தேவையானது என்று இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த விதிக்குத் துணைநின்ற 2017-ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றி 2021-இல் அதன் ஆசிரியர்களே ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டு, தங்கள் முடிவுகளைக் காரணகாரியச் சான்றாகக் கொள்ளலாகாது என்று ஒப்புக்கொண்டனர். 2023-இல் எல்லை 2.5 ஆகி அனைத்துத் தூரங்களுக்கும் விரிந்தது. 10, 5, 2.5. சரிகையின் தரத்தை இத்தனை வேகத்தில் மாற்றிக்கொண்டிருந்தால் ஆரணிக் கடைவீதியில் ஒரு புடவைகூட விலைபோகாது.

குத்துச்சண்டையிலும் இக்கதை நம் மண்ணைத் தொட்டுச் சென்றது. 2023 மார்ச்சில் புது தில்லியில் நடந்த பெண்கள் உலகப் போட்டியிலிருந்துதான் அல்ஜீரியாவின் இமான் கெலிஃபும் தைவானின் லின் யு-டிங்கும் நீக்கப்பட்டார்கள். நீக்கிய அமைப்பு என்ன சோதனை, என்ன முடிவு என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கடவுச்சீட்டை அளவுகோலாகக் கொண்டு ஒலிம்பிக் குழு இருவரையும் அனுமதித்தது. இருவரும் தங்கம் வென்றார்கள். உலகமே அவர்கள் உடலைப் பற்றிக் கருத்துச் சொன்னது. தோஹாவில் ஒரு மாநிலத்துச் செய்தித்தாள்கள் செய்ததை இப்போது கைப்பேசி வைத்திருந்த ஒவ்வொருவரும் செய்தார்கள்.

2025 செப்டம்பர் 1 முதல், உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் ஓடும் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று விதித்தது; அம்மாதம் நடந்த டோக்கியோ உலகப் போட்டியிலேயே அது நடைமுறைக்கு வந்தது. அட்லாண்டாவில் எட்டுப் பெண்களைப் பிடித்து எட்டுப் பேரையும் விடுவித்த, 1999-இல் வேண்டாமென்று தள்ளிய அதே மரபணு. அதை 1990-இல் கண்டறிந்த குழுவின் ஆண்ட்ரூ சின்க்ளேர், இதை இப்பணிக்குப் பயன்படுத்துவது தவறு என்று எழுதினார். ஒரு வகையில் எல்லாரையும் சோதிப்பது, தோற்றத்தைக் கண்டு ஒருத்தியை மட்டும் இழுத்துச் செல்வதைவிட மேல் என்று சொல்வோரும் உண்டு. அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் சோதனைக்குப் பின் என்ன என்பதே கேள்வி. புதுக்கோட்டையிலோ ஜாஜ்பூரிலோ இருந்து முதன்முறையாக வெளிநாட்டு விமானம் ஏறும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றித் தானே அறியாத ஒன்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அருகில் யாரை உட்காரவைக்கப் போகிறார்கள்?

2025 ஜூலை 10-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை, செமென்யா வழக்கில் சுவிட்சர்லாந்து அவருக்கு நியாயமான விசாரணையை உறுதிசெய்யத் தவறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. விதி சரியா தவறா என்பதற்குள் அந்தத் தீர்ப்பு செல்லவில்லை. அவர் வாதத்தைப் போதுமான அளவு ஆழ்ந்து கேட்டார்களா என்று மட்டுமே பார்த்தது, கேட்கவில்லை என்றது. செமென்யாவுக்கு மூன்று மன்றங்கள் காது கொடுத்தன, அதுவும் போதவில்லை என்பது தீர்ப்பு.

லொசான் நடுவர் மன்றத்தில் மேல்முறையீடு செய்ய, வேறு காலவரையறை சொல்லப்படாத இடத்தில், முடிவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம் என்று அதன் விதி சொல்கிறது. சாந்தியின் வெள்ளி பறிக்கப்பட்ட 2006 டிசம்பரிலும் அவ்விதி இருந்தது. பொங்கலுக்குள் அந்த நாட்கள் கழிந்தன. இந்தியாவின் சார்பில் எவரும் மனுச் செய்யவில்லை.